தண்ணீர் வந்ததென்று கைநாட்டு வைத்தவள்

ஓன்யெச்சே ஒற்றை ஆளாக நின்று வாங்கியவை பல. கணவன் செத்த நாற்பதாம் நாள் மைத்துனர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனார்கள். பதினான்கு மாதம் குலப் பெரியவர்கள் முன்னால் நின்று அந்தச் சாவியைத் திரும்ப வாங்கினாள். பேருந்து நிலையச் சங்கத்துத் தடியர்கள் அவள் புருக்குட்டு என்ற சோளக் கள் விற்கும் கொட்டகையை மூன்று முறை பிடுங்கி எறிந்தார்கள். நான்காம் முறையும் அதே மாமரத்தடியில் கழிகளை ஊன்றினாள். அதற்குப் பிறகு ஒருவரும் தொடவில்லை. பாம்பு கடித்த இடது காலை எடுத்துவிட வேண்டும் என்று சொன்ன மருத்துவமனையிலிருந்து இரண்டு காலோடு நடந்து வெளியே வந்தாள். சோளத்தை ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, காய்ச்சி, அந்தக் கள்ளை விற்றே மகள் இஹோட்டுவைத் தாதிப் படிப்பு முடிக்க வைத்தாள். கட்சியின் வார்டு மகளிர் தலைவி யார் என்று ஏழு ஆண்கள் ஓர் அறையில் பேசி முடித்துவிட்டு வந்தபோது, "தலையை எண்ணுங்க" என்று பள்ளி மைதானத்தில் உட்கார்ந்துவிட்டாள். எண்ணினார்கள். அவர்கள் சொன்ன பெண்ணின் பின்னால் நாற்பத்தொரு பேர் நின்றார்கள். ஓன்யெச்சேயின் பின்னால் நூற்றுப் பதினெட்டு.

இவை எல்லாவற்றுக்கும் நாளும் கிழமையும் சொல்லக்கூடிய ஓர் ஆள் ஒடாபுவில் உண்டென்றால் அது அவளுடைய அண்ணன் அடகோலேதான். ஆறாம் வகுப்புவரை படித்தவர். ஒடாபு ரயில் நிலையத்தில் இருபத்தாறு வருடம் வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதுவது அவர் வேலை. வண்டிகள் நின்றுபோயின, எழுதுவது நிற்கவில்லை. எந்த அமைச்சர் எந்தத் தேதியில் ஊருக்கு வந்து எதைக் கட்டித்தருவதாகச் சொன்னார் என்பது அவருடைய கோடுபோட்ட நோட்டுகளில் இருந்தது. கட்டிய தேதிக்காக விட்டிருந்த இடம் பெரும்பாலும் வெள்ளையாகவே கிடந்தது.

அப்பாவின் கிழங்குத் தோட்டம் ஒரு பிள்ளையைத்தான் பள்ளிக்கு அனுப்பப் போதுமானதாக இருந்தது. அடகோலே பலகையோடு போனார். ஓன்யெச்சே கைக்குழந்தைத் தம்பிகளை முதுகில் கட்டிக்கொண்டு களை பிடுங்கப் போனாள். அதை அவர் மறந்ததில்லை. அவளுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை அவர்தான் வாசித்துச் சொல்வார். அவர் தலையசைத்தால் அவள் மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்துவாள். முப்பது வருடத்தில் ஒருமுறைதான் தவறியது.

அந்தக் காகிதம் தண்ணீரைப் பற்றியது.

ஒடாபுவில் நவம்பர் முடிந்தால் கிணறுகள் வற்றிவிடும். ஓடை மூன்று மைல். ஒரு பெரிய பானை புருக்குட்டுக்கு எட்டு மஞ்சள் கேன் தண்ணீர் வேண்டும். இரண்டு கேனைக் கைவண்டியில் வைத்துத் தள்ளினால் நான்கு நடை. ஓன்யெச்சேக்கு மட்டுமல்ல, சந்தையில் அடுப்பு வைத்திருந்த எல்லாப் பெண்களுக்கும் இதே பாடுதான்.

2011 தேர்தலுக்கு முன்னால் சட்டமன்ற வேட்பாளர் எஜே, சேவல் கட்சித் தொப்பியோடு மாமரத்தடிக்கு வந்தார். கட்சியின் வார்டுத் தலைவர் ஒபாண்டே ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்தார். ஓன்யெச்சே ஒரு சுரைக்குடுவை நிறைய மொண்டு வந்து கொடுத்தாள்.

"மாண்புமிகு, இப்ப நீங்க குடிச்சது எந்தத் தண்ணின்னு தெரியுமா?"

"எந்தத் தண்ணி, தாயே?"

"மூணு மைல் நடந்து வந்த தண்ணி. உங்க கார்கூட அவ்வளவு தூரம் குலுங்கியிருக்காது."

கூட்டம் சிரித்தது. எஜேவும் சிரித்தார். "நான் ஜெயிச்ச பன்னெண்டாவது மாசம், இதே மரத்துக்குப் பின்னால, குழாயைத் திருகினா தண்ணி. நான் சொன்னதை எழுதி வச்சுக்கங்க."

அடகோலே எழுதி வைத்துக்கொண்டார்.

ஓன்யெச்சே வீடு வீடாகப் போனாள். எஜேயின் முகம் அச்சடித்த உப்புப் பொட்டலங்களைக் கொடுத்தாள். ஆனால் உப்பைப் பற்றி அவள் பேசவில்லை. குழாயைப் பற்றித்தான் பேசினாள். அக்காரா வடை சுடும் எலாடி, "யாரு ஓட்டுக் கேட்டாலும் என் வீட்டுக் கதவு மூடியிருக்கும், நீ கேக்கறதால தொறக்கறேன்" என்றாள். எஜே ஜெயித்தார்.

அவர் சொன்னபடியே இயந்திரம் வந்து துளை போட்டது. இரும்புக் கால்கள் நட்டு மேலே பச்சைத் தொட்டி ஏற்றினார்கள். 2012 மார்ச் 9, வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அன்று விடிந்ததும் ஒரு தண்ணீர் லாரி வந்து தொட்டிக்குக் குழாய் போட்டது. பார்த்தவர்கள் இருந்தார்கள். "தொட்டியைக் கழுவறாங்க" என்றார் ஒபாண்டே. புதுத் தொட்டியைக் கழுவுவது நியாயமாகத்தான் பட்டது.

பத்தரைக்கு எஜே வந்தார். நாடாவை வெட்டினார். குழாயைத் திருகியதும் தண்ணீர் பளீரென்று பாய்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். எலாடி தலைத்துணியை அவிழ்த்து நனைத்துப் பிழிந்து முகத்தில் போட்டுக்கொண்டாள். ஓன்யெச்சேயைத் தோளில் தூக்கக்கூடப் பார்த்தார்கள். அவள் கனம் அதற்கு விடவில்லை.

அந்தச் சந்தடியில் ஒபாண்டே ஒரு அட்டையில் பிடித்த காகிதத்தோடு வந்தார். "மகளிர் தலைவி, வந்தவங்க பேரு. ஒரு கைநாட்டு."

ஓன்யெச்சே அண்ணனைப் பார்த்தாள். அடகோலே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வருகைப் பதிவுதான். எண்பத்து நான்கு பெயர்கள். அறுபத்திரண்டாம் பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறது என்று சுட்டிக்கூடக் காட்டினார்.

"பெரியவரே, உங்க கண்ணு தப்பாது" என்றார் ஒபாண்டே. அவள் விரலை வைத்தாள். அவர் தாளைப் பாதி தூக்கினார். "அடியில இன்னொண்ணு. அது நம்ம ஆபீசுக்கு, இது மாநிலத்துக்கு. ரெண்டு பிரதி."

அடியில் இருந்த தாளிலும் அதே கோடுகள், அதே கட்டங்கள். புகைப்படக்காரர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். படத்தில் தங்கை முன்வரிசையில், மாண்புமிகுவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அடகோலேயின் ஆசை. "வை, வை, அதேதான்" என்றார்.

அவள் வைத்தாள்.

ஐந்தாம் நாள் குழாய் இருமியது. காற்று வந்தது. ஆறாம் நாள் காற்றும் வரவில்லை. தொட்டியைத் தட்டிப் பார்த்தார்கள், பறைபோல் ஒலித்தது. துளைக்குள் கல்லைக் கட்டிக் கயிற்றை விட்டுப் பார்த்த கொத்தனார், "பதினெட்டு அடி. இது கிணறு இல்ல, கம்பம் நடற குழி" என்றார்.

"பம்பு கடல்ல வந்துக்கிட்டிருக்கு" என்று ஒபாண்டே மூன்று மாதம் சொன்னார். பிறகு, "துறைமுகத்துல நிக்குது" என்றார். எலாடி ஒருநாள் சந்தை நடுவில் கேட்டாள்: "ஏன் தலைவரே, அந்தப் பம்பு நடந்தா வருது? அதுக்கும் மூணு மைலா?"

ஆகஸ்டில் ஓன்யெச்சே பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனாள். அடகோலேயும் போனார். எழுத்தர் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் தூசி தட்டினார்.

"ஒடாபு சந்தை ஆழ்துளைக் கிணறு. வேலை முடிஞ்சாச்சு. ஒப்பந்தக்காரருக்கு எல்லாம் கொடுத்து முடிச்சாச்சு."

"தண்ணி வரலையே, ஐயா" என்றாள் ஓன்யெச்சே.

"வந்துச்சுன்னு எழுதியிருக்கு. 'இருநூறு அடி ஆழம், பம்பும் ஜெனரேட்டரும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம். சந்தைப் பெண்கள் சார்பாக, வார்டு மகளிர் தலைவி.' இங்க பாருங்க, கைநாட்டு. உங்களுதுதானே?"

அந்த ஊதாநிற விரலை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அடகோலே தாளின் கோடுகளைப் பார்த்தார். அதே கோடுகள், அதே கட்டங்கள்.

"இதை மாத்த என்ன செய்யணும்?" என்று ஓன்யெச்சே கேட்டாள்.

"மாத்தறதா? விரலை வெட்டிக் கொண்டு வந்து, இது என் விரல் இல்லன்னு சொல்லுங்க." எழுத்தர் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். "முடிஞ்ச வேலைக்கு ரெண்டாந்தடவை ஒதுக்க மாட்டாங்க, அம்மா. அந்த இடத்துக்கு இனிமே எதுவும் வராது."

திரும்பி வரும் வழியில் பதினோரு பெண்களும் முன்னால் நடந்தார்கள். ஓன்யெச்சேயும் அடகோலேயும் பின்னால் வந்தார்கள். பாதி வழியில் எலாடி நின்று திரும்பினாள்.

"எவ்வளவுக்கு வித்தே?"

"எலாடி, சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாதாம்! மாண்புமிகு பக்கத்துல பல்லைக் காட்டிட்டு நின்னப்ப தெரிஞ்சுச்சு. கைநாட்டு! உன்னை நம்பிக் கதவைத் தொறந்தேன் பாரு."

ஓன்யெச்சே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: என் அண்ணன் வாசித்துச் சொல்லித்தான் வைத்தேன் என்று. சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அடகோலே அதற்காகக் காத்திருந்தார். அவள் சொல்லிவிட்டால் தனக்குப் பாரம் இறங்கும் என்று நினைத்தார்.

சந்தைப் பெண்கள் கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். அவளை யாரும் திட்டக் கூடாது. யாரும் அவளிடம் குடிக்கவும் கூடாது. புருக்குட்டு விற்பவள் முதல் வாயைத் தான் குடித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்தவர் கையில் குடுவையைக் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஓன்யெச்சே குடித்துவிட்டு நீட்டினாள். வாங்கக் கை வரவில்லை. பானை மூன்றாம் நாள் புளித்தது. பன்றி வளர்ப்பவன் வந்து அள்ளிக்கொண்டு போனான்.

ஒரு சந்தை நாளில் அடகோலே வடைச் சட்டிகளுக்கு நடுவில் நின்று உரக்கச் சொன்னார்: "அந்தத் தாளை வாசிச்சது நான். ரெண்டாவது பக்கத்தை நான் பாக்கல. தப்பு என்மேல."

பெண்கள் அவரைப் பார்த்தார்கள். ஒருத்தி இரக்கத்தோடு சிரித்தாள். "நீங்களா பாக்காம விட்டீங்க? ரயில் ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா ஊரைக் கூட்டறவரு. தங்கச்சிக்காகப் பழியைத் தூக்கிக்கறீங்க. பெரிய மனசு."

இத்தனை வருடத்து ஒழுங்கு அன்று அவரைக் காப்பாற்றிவிட்டது. அவளைக் காப்பாற்றவில்லை. வீட்டுக்குப் போய் நோட்டைத் திறந்தவர், எதையும் எழுதாமல் மூடினார்.

2013 டிசம்பரில் சேவல் கட்சிக்குள் தகராறு வந்தது. ஒரே நாளில் இரண்டு மாநாடு நடத்தினார்கள், ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று விடுதியில். இடத்துக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தோற்ற பக்கத்தில் எஜே இருந்தார். மறு வாரமே அவரும் ஒபாண்டேயும் வார்டுக் குழு முழுவதும் மண்வெட்டிக் கட்சிக்குப் போய்விட்டார்கள். அலுவலகம் அதேதான், நாற்காலிகள் அவையேதான். பலகையில் சேவல்மேல் வெள்ளை அடித்து மண்வெட்டி வரைந்தார்கள். வெள்ளை போதவில்லை, மண்வெட்டிப் பிடிக்குமேல் சிவப்புக் கொண்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒபாண்டே புதுத் தொப்பியோடு ஓன்யெச்சேயின் காலிக் கொட்டகைக்கு வந்தார்.

"அக்கா, நாம மாறிட்டோம். உங்க பேரையும் சேர்த்துக் கொடுத்தாச்சு."

"என்னைக் கேக்காமயா?"

"உங்க கைநாட்டுதான் ஆபீஸ்ல எத்தனையோ கிடக்கே!" பகடியாகச் சொன்னதுபோல்தான் சிரித்தார்.

அவள் விறகுக் கட்டையைக் கையில் எடுத்தாள். அவர் பகடியைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரம் மகள் இஹோட்டு விடுப்பில் வந்திருந்தாள். ஓன்யெச்சே அவளை உட்காரவைத்து, "என் பேரை எழுதிக் காட்டு" என்றாள். "இனிமே என் விரல் எனக்கு வேண்டாம். அது அவங்களுக்குப் பழகிப்போச்சு."

ஆங்கில எழுத்தில் அவள் பெயருக்கு ஏழு எழுத்து. இஹோட்டு அவற்றைக் கரித்துண்டால் காலிப் பானையின் வயிற்றில் எழுதிவிட்டு வேலைக்குத் திரும்பினாள். ஓன்யெச்சே பதினோரு மாதம் அவற்றைப் பார்த்துப் பார்த்து மண்ணில் எழுதினாள். எழுதியதைக் காலால் அழித்துவிடுவாள். அடகோலே ஒருமுறை கையைப் பிடித்து எழுதவைக்கப் போனார். "தள்ளி நில்லுங்க அண்ணா" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, ஆனாலும் அவர் தள்ளித்தான் நின்றார்.

2014 ஜூலையில் எஜேயை மாநில அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்கள். அமைச்சரானவர் சட்டமன்றத்தில் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம், அவர் இடம் காலியானது. இடைத்தேர்தலுக்கு மண்வெட்டிக் கட்சியின் வேட்பாளர் வேறு யாருமில்லை, ஒபாண்டேதான்.

எதிரே நின்றவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒசிக்போ. விளக்குக் கட்சி; கொடியும் இல்லை, வாகனமும் இல்லை. சந்தை வாக்குச்சாவடியில் அவருக்கு முகவராக உட்கார யாரும் துணியவில்லை. அவர் ஓன்யெச்சேயிடம் வந்தார்.

"பெரிசா ஒண்ணுமில்ல, தாயே. காலையிலிருந்து உட்காரணும். எண்ணறதைப் பாக்கணும். கடைசியா முடிவுத் தாள்ல எல்லா முகவரும் ஒப்பம் வைக்கணும். ஒரு பிரதி உங்க கைக்கு வரும்."

"அந்தத் தாள்ல எழுதினதை யாரும் மாத்த முடியாதா?"

"ஒப்பம் வச்ச தாளை யாரு மாத்துவான்? சட்டம் இருக்கே."

"நீங்க ஜெயிச்சா குழாய்?"

தலைமையாசிரியர் கையை நெஞ்சில் வைத்தார். "முதல் வேலை."

ஓன்யெச்சே ஒப்புக்கொண்டாள். அன்று மாலை அண்ணனிடம் சொன்னாள்: "அவர் குழாய் போடுவாரோ, மாட்டாரோ, அது எனக்கு முக்கியமில்ல. நான் கண்ணால பாத்ததை, நானே எழுதித் தர்ற தாள் ஒண்ணு வேணும். அதைக் கொண்டு போய் எலாடி முன்னால வைக்கணும். நான் விக்கறவ இல்லன்னு அவளுக்குத் தெரியணும்."

வாக்குப்பதிவு நாளில் சாவடி மாமரத்துக்கு எதிரே, பள்ளிச் சுவரோரம் இருந்தது. அதிகாரியாக வந்தவள் நாட்டுச் சேவைக்கு அனுப்பப்பட்ட ஓர் இளம் பட்டதாரிப் பெண். வடக்கே எங்கிருந்தோ வந்தவள், அன்று அவளுக்குக் கடுமையான தலைவலி. காலையில் பெயர் சரிபார்த்தார்கள்: இருநூற்று நாற்பத்து மூன்று பேர். பிற்பகலில் ஓட்டு. மண்வெட்டிக் கட்சி முகவர் குளிர்ந்த மால்ட் பான பாட்டிலை ஓன்யெச்சே பக்கம் நகர்த்தினார். "குடிங்க அம்மா, வெயிலு." அவள் அதை அதிகாரியின் மேசைக்குக் கீழே நகர்த்திவிட்டாள்.

நாலரைக்குப் பெட்டியைத் திறந்தார்கள். அந்தப் பெண் ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்ட, கூட்டம் முழுவதும் சேர்ந்து உரக்க எண்ணியது. எலாடியும் கூட்டத்தில் நின்று எண்ணினாள். விளக்கு நூற்று நாற்பது. சேவல் அறுபத்தொன்று. மண்வெட்டி முப்பத்தெட்டு. செல்லாதவை நான்கு. அடகோலே தனியாக எழுதிக் கூட்டிப் பார்த்தார். இருநூற்று நாற்பத்து மூன்று, சரியாக வந்தது.

முடிவுத் தாளை நிரப்பியதும் அந்தப் பெண், விளக்குக் கட்சி முகவரின் பெயருக்கு நேரே மைப்பெட்டியை வைத்தாள்.

"வேண்டாம் மகளே. பேனா கொடு."

"கைநாட்டே வைங்கம்மா, இருட்டிடும்" என்றார் சேவல் கட்சி முகவர்.

"நாளைக்கு விடிஞ்சாலும் விடியட்டும்னு சொல்லுவாங்க போல" என்றார் மண்வெட்டிக்காரர்.

அவள் பேனாவை அகப்பையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள். அடகோலே சாவடியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிடம் ஆனது. தலைவலிக்காரி அவசரப்படுத்தவில்லை, எழுதி முடிக்கும்வரை தாளின் மூலைகளைக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அடிப்பிரதியைக் கிழித்துக் கொடுத்தாள். எல்லாரும் கலைந்தார்கள். காவலர் வாகனத்தில் பெட்டி போனது.

மறுநாள் காலை உள்ளாட்சி மன்றக் கூடத்தில் தொகுதி முழுவதற்குமான ஓட்டுகளைக் கூட்டினார்கள். தேர்தல் அதிகாரியாக வந்தவர் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர். சட்டை கசங்கிக் கண் சிவந்திருந்தார். ஒசிக்போ வாசலோரம் நின்றார். ஓன்யெச்சேயும் அடகோலேயும் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒடாபு சந்தை வாக்குச்சாவடி" என்று வாசித்தார் அதிகாரி. "சரிபார்க்கப்பட்டவர்கள் ஐந்நூற்று முப்பது. மண்வெட்டி ஐந்நூற்றுப் பன்னிரண்டு. சேவல் ஒன்பது. விளக்கு ஒன்பது."

ஓன்யெச்சே எழுந்து நின்றாள். "ஐயா, அது எங்க சாவடி இல்ல."

"அம்மா, உங்க சாவடித் தாள்தான். முகவர்கள் எல்லாரும் ஒப்பம் வச்சிருக்காங்க."

"என் பேருக்கு நேரா என்ன இருக்கு?"

அதிகாரி குனிந்து பார்த்தார். "கைநாட்டு."

"நான் கைநாட்டு வைக்கல. எழுத்துல போட்டேன்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. முதல் வரிசையிலிருந்து ஒபாண்டே திரும்பிப் பார்த்தார். "அக்காவுக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல எழுத்து வந்துச்சு? இவங்க கைநாட்டுன்னு ஊருக்கே தெரியும் ஐயா."

"தெரிஞ்சதாலதானே வச்சீங்க" என்றாள் ஓன்யெச்சே.

சிரிப்பு நின்றது. அவள் தலைத்துணி முடிச்சிலிருந்து அடிப்பிரதியை எடுத்தாள். நடந்து போய் மேசைமேல் விரித்தாள். அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். வாசலில் நின்ற ஒபாண்டேயின் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் வெட்டுக்கத்திகளை மறைத்து வைத்திருக்கவில்லை, வெளிப்படையாகத்தான் வைத்திருந்தார்கள். மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அம்மா," என்று மெல்லச் சொன்னார், "எனக்கு முன்னால எந்தத் தாள் வருதோ அதைத்தான் நான் கூட்ட முடியும். உங்க தாளைத் தீர்ப்பாயத்துல காட்டுங்க. பத்திரமா வச்சுக்கங்க."

பிறகு அடுத்த சாவடியை வாசித்தார். பிற்பகல் ஒபாண்டே மாண்புமிகு ஒபாண்டே ஆனார்.

தீர்ப்பாயத்தில் வழக்குப் போட இருபத்தொரு நாள் இருந்தது. வழக்கை வேட்பாளர்தான் போட முடியும். ஓன்யெச்சே ஒசிக்போவின் வீட்டுக்கு மூன்று முறை நடந்தாள். முதல் முறை, வழக்கறிஞரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றார்கள். இரண்டாம் முறை அவரே வெளியே வந்தார்.

"தாயே, வழக்கு நடத்த நான் என்ன எண்ணெய்க் கிணறா வச்சிருக்கேன்?"

"என் தாள் இருக்கே, ஐயா. நான் வந்து சொல்றேன்."

"பாக்கலாம், பாக்கலாம்."

மூன்றாம் முறை அண்ணனோடு போனது பதினாறாம் நாள். வீட்டுச் சுவரில் புதுச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. தலைமையாசிரியர் மண்வெட்டித் தொப்பி போட்டு ஒபாண்டேயின் கையைப் பிடித்துத் தூக்கியிருந்தார். கல்வி ஆலோசகராம். ஓன்யெச்சே அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று அண்ணனைக் கேட்டாள்.

"'ஒன்றாக முன்னேறுவோம்'னு போட்டிருக்கு."

"ரெண்டு பேரும் முன்னேறிட்டாங்க" என்றாள்.

அங்கிருந்து நேராக எலாடியின் அடுப்படிக்குத்தான் போனாள். அடிப்பிரதியை அவளுக்கு முன்னால் பலகைமேல் வைத்தாள். எலாடிக்கும் வாசிக்கத் தெரியாது. ஆனால் கூடத்தில் நடந்தது அவள் காதுக்கு எட்டியிருந்தது. அன்று எண்ணியவர்களில் அவளும் ஒருத்தி. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, தொடாமல், குனிந்து பார்த்தாள்.

"இதுதான் உன் பேரா?"

"அதுதான்."

எலாடி வடையைத் திருப்பிப் போட்டாள். "உன்னைச் சொன்னதெல்லாம் தப்புதான். சந்தையில சொல்லிடறேன்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா தண்ணி வரலையேடி" என்றாள்.

"வரலதான்."

எலாடி அடுப்பைத் தணித்தாள். இருவரும் மஞ்சள் கேன்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தார்கள். அது டிசம்பர், ஓடையிலும் முழங்காலுக்குக் கீழேதான் ஓடிக்கொண்டிருந்தது.

பலகைமேல் அவள் விட்டுப்போன தாளைக் கூடவே வந்திருந்த அடகோலே எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து கதவோர வெளிச்சத்தில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டார். இந்த முறை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். சாவடியின் எண், சரிபார்க்கப்பட்டவர்கள், ஓட்டுகள், எல்லாம் சரியாக இருந்தன. இனி யாரும் கேட்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கூட்டலை இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். கடைசிக் கட்டத்தில் ஏழு எழுத்துகள். முதல் எழுத்து வட்டமாக இல்லை, நடுவில் ஒன்று கோட்டுக்குக் கீழே சரிந்திருக்கிறது, கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. அடித்தல் திருத்தல் இல்லை. பக்கத்தில் தேதி: 2014 நவம்பர் 22, சனிக்கிழமை.